'ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து 5 நிமிடம்': கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் திணறுவது ஏன்? நெரிசல் முதல் வெள்ளம் வரை முழு விளக்கம்

சென்னையின் தெற்கே மனை விற்பனை விளம்பரம் எதை எடுத்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும். "ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து 5 நிமிடம், ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்." அதை நம்பி கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்கள் ஏராளம்.

விளம்பரம் சொன்ன தூரம் பொய்யில்லை. ஆனால் காலை 8 மணிக்கு அந்த 5 நிமிடம் அரை மணி நேரமாகிவிடுகிறது. பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள் என்றால் கேட்கவே வேண்டாம், வண்டி நகரவே நகராது.

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர் பகுதிகளில் ஏன் இவ்வளவு நெரிசல்? ரோட்டை அகலப்படுத்திய பிறகும் ஏன் தீரவில்லை? மழைக்காலத்தில் இதே பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கின்றன இந்த ஊர்கள்?

சென்னையைத் தென் மாவட்டங்களோடு இணைக்கும் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடுதான் சுருக்கமாக ஜி.எஸ்.டி. ரோடு. தேசிய நெடுஞ்சாலையில் இதன் பழைய எண் 45, இப்போதைய எண் 32. தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று வரிசையாக ஊர்கள் வரும். பிறகு செங்கல்பட்டு.

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இவை வருகின்றன. நந்திவரம் - கூடுவாஞ்சேரி 2021-ல் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. அதற்கு முன் பேரூராட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே சுமார் 44 ஆயிரம் பேர் இருந்தார்கள்.

இன்று எத்தனை பேர்? அதிகாரபூர்வமாகச் சொல்ல எண்ணிக்கையே இல்லை. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. குடிநீர், சாலை, சுகாதார நிலையம் என எதைத் திட்டமிட்டாலும் பல இடங்களில் 2011-ன் எண்ணிக்கையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பத்து வயதில் தைத்த சட்டையை இருபத்தைந்து வயதில் போடச் சொல்வது மாதிரிதான் இது.

மக்கள் ஏன் இங்கே வந்தார்கள்?

மூன்று காரணங்கள்.

ஒன்று, வேலை. மறைமலை நகர், மறைமலை அடிகள் பெயரில் 1980-களில் உருவாக்கப்பட்ட புதுநகரம். தொழிற்சாலைகள் வந்தன. 1990-களின் இறுதியிலிருந்து 2022 வரை ஃபோர்டு ஆலை இங்கே கார் தயாரித்தது. 2002-ல் மகிந்திரா வேர்ல்டு சிட்டி வந்தது. மேற்கே ஒரகடத்தில் கார் ஆலைகள், கிழக்கே சிறுசேரியில் ஐ.டி. பூங்கா. நடுவில் பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், வண்டலூர் பகுதிகளில் கல்லூரிகள். இந்த எல்லா இடங்களுக்கும் நடுவில் இருப்பது கூடுவாஞ்சேரி - வண்டலூர் பகுதி.

இரண்டு, விலை. சென்னைக்குள் வீடு வாங்க முடியாதவர்கள் முதலில் குரோம்பேட்டை, தாம்பரம் போனார்கள். அங்கேயும் விலை ஏறியதும் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. அதுவும் முடியாவிட்டால் 600 சதுர அடி. மாதச் சம்பளக்காரருக்கு எட்டிய விலை இங்கேதான் இருந்தது.

மூன்று, ரயில். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. பிற்பாடு அது செங்கல்பட்டு வரை நீண்டது. "ட்ரெயின் இருக்கு, பிரச்சினை இல்ல" என்ற தைரியம்தான் பலரை இங்கே இழுத்து வந்தது. இன்றும் கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் காலை நேரக் கூட்டத்தைப் பார்த்தால் இது புரியும்.

நெரிசலுக்கு முதல் காரணம்: ஒரே முதுகெலும்பு

இந்தப் பகுதியின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு மீன் முள் மாதிரி இருக்கும். நடுவில் ஜி.எஸ்.டி. ரோடு. அதை ஒட்டியே ரயில் தண்டவாளம். இரண்டு பக்கமும் தெருக்கள்.

கிழக்கே போக வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை, கூடுவாஞ்சேரி - நெல்லிக்குப்பம் சாலை என்று சில வழிகள்தான். வண்டலூரில் உயிரியல் பூங்காவும் காப்புக்காடும் இருப்பதால் அங்கே புதுச்சாலை போட முடியாது, போடவும் கூடாது. மேற்கே மண்ணிவாக்கம், ஆதனூர் பக்கம் ஏரிகள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வர முதலில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். அதற்கு இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்.

இந்த அமைப்பில் பால் வாங்கப் போகிறவரும், மதுரைக்குப் போகும் பேருந்தும், தூத்துக்குடியிலிருந்து வரும் கன்டெய்னர் லாரியும், பள்ளி வேனும் ஒரே ரோட்டில்தான் வந்து சேர வேண்டும். வேறு வழி கிடையாது.

இரண்டாவது காரணம்: ஒன்றோடொன்று சேராத 'நகர்கள்'

நெரிசல் பற்றிப் பேசும்போது பலரும் கவனிக்காத விஷயம் இது.

இங்கே ஊர் வளர்ந்தது ஒரு திட்டத்தின்படி அல்ல, மனைப்பிரிவு மனைப்பிரிவாக. ஒருவர் நாலு ஏக்கர் வயலை வாங்குவார். நடுவில் ஒரு ரோடு, இரண்டு பக்கமும் மனைகள், முகப்பில் ஒரு வளைவு, அதில் ஒரு 'நகர்' பெயர். பக்கத்து வயலை இன்னொருவர் வாங்குவார். அங்கே இன்னொரு ரோடு, இன்னொரு நகர்.

இந்த ரோடும் அந்த ரோடும் சேருமா? பெரும்பாலும் சேராது. நடுவில் ஒரு காம்பவுண்டு சுவரோ, வாய்க்காலோ, முட்புதரோ இருக்கும். அதனால் பக்கத்து நகரில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போகவும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டும். நூறு மீட்டர் தூரம் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. நடந்து போக வேண்டிய இடத்துக்கு வண்டி எடுக்க வேண்டியதாகிறது.

திட்டமிட்டு உருவான நகரத்தில் முதலில் ரோடு வரும், பிறகு வீடு வரும். இங்கே வீடு வந்துவிட்டது, இனி ரோட்டைத் தேட வேண்டும். இப்போது இணைப்புச் சாலை போட வேண்டுமானால் யாராவது ஒருவர் வீட்டை இடிக்க வேண்டும் என்ற நிலை.

அங்கீகாரம் இல்லாத மனைகளும் இதில் சேர்ந்துகொண்டன. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கலாம். அடுத்த ஆண்டு, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகளைக் கொண்டுவந்தது. அதன் மூலம் வாங்கியவர்களின் பத்திரம் காப்பாற்றப்பட்டது. ஆனால் பத்திரம் சரியானதால் தெரு அகலமாகிவிடாது. குறுகிய தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன.

மூன்றாவது காரணம்: கிளாம்பாக்கம்

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 2019-ல் அ.தி.மு.க. ஆட்சியில் அடிக்கல், தி.மு.க. ஆட்சியில் திறப்பு. சுமார் 88 ஏக்கர் பரப்பு, ஏறக்குறைய ரூ.394 கோடி செலவு. நாளொன்றுக்கு 2,310 பேருந்துகளைக் கையாளும் திறனோடு கட்டப்பட்டது. 2024 ஜனவரியிலிருந்து தென் மாவட்டப் பேருந்துகள் படிப்படியாக இங்கே மாற்றப்பட்டன.

இதன் நோக்கம் நியாயமானது. 2002-ல் திறந்த கோயம்பேடு பேருந்து நிலையம் நிரம்பி வழிந்தது. நகரத்துக்குள் பெரிய பேருந்துகள் வராமல் இருந்தால் உள்ளே நெரிசல் குறையும்.

ஆனால் ஒரு சிக்கல். முனையம் திறந்தபோது அங்கே ரயில் நிலையம் இல்லை, மெட்ரோ இல்லை. கோயம்பேட்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஊருக்குப் போகிறவர்கள் மாநகரப் பேருந்து, ஆட்டோ, கேப், சொந்தக்காரரின் பைக் என்று எதையாவது பிடித்து ஜி.எஸ்.டி. ரோடு வழியாகத்தான் வர வேண்டும். நகரத்துக்குள் குறைந்த நெரிசலில் ஒரு பங்கு வண்டலூர், ஊரப்பாக்கம் வாசலுக்கு வந்துவிட்டது என்பதுதான் உள்ளூர் மக்களின் ஆதங்கம்.

ரயில் நிலையத்துக்கான பணி பிறகு தொடங்கியது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே நிலையம், அங்கிருந்து ரோட்டைக் கடந்து முனையத்துக்குப் போக உயர்மட்ட நடைபாலம் என்பது திட்டம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டருக்கு 13 நிலையங்களோடு மெட்ரோ நீட்டிப்புத் திட்டமும் தயாராகியிருக்கிறது. மெட்ரோ என்பது அறிவித்து, அனுமதி வாங்கி, நிலம் எடுத்து, கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை. அதுவரை இருக்கும் ரோடுதான் கதி.

எட்டு வழி ஆக்கியும் ஏன் தீரவில்லை?

பெருங்களத்தூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த செட்டிபுண்ணியம் வரை ஜி.எஸ்.டி. ரோடு மூன்று பகுதிகளாக எட்டு வழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டது. 2020-ல் வண்டலூர் மேம்பாலம் திறக்கப்பட்டது. இரண்டுமே பலன் தந்தன, மறுப்பதற்கில்லை. ஆனாலும் நெரிசல் திரும்பிவிட்டது. ஏன்?

* குறுகும் இடம்தான் கணக்கு: ஒரு ரோட்டின் திறனை முடிவு செய்வது அதன் அகலமான இடம் அல்ல, குறுகலான இடம். பாட்டில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் கழுத்து வழியாகத்தானே வர வேண்டும்? சிக்னல், யு-டர்ன், பேருந்து நிறுத்தம், ஷேர் ஆட்டோ நிற்கும் முனை, இவைதான் அந்தக் கழுத்து.

* சிக்னல் கணக்கு: ஒரு சந்திப்பில் நேராகப் போகும் வண்டிகளுக்குப் பாதி நேரம்தான் பச்சை விளக்கு என்றால், எட்டு வழிச் சாலையும் அந்த இடத்தில் நாலு வழிச் சாலைக்குச் சமம். மீதி வண்டிகள் பின்னால் வரிசை கட்டும்.

* இரண்டு வேலை செய்யும் ஒரு ரோடு: நெடுஞ்சாலை என்பது வேகமாகப் போக. கடைவீதி என்பது நின்று வாங்க. ஜி.எஸ்.டி. ரோடு இரண்டாகவும் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்தும், எதிர்த் திசையில் வரும் பைக்கும், குழந்தையின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கும் அம்மாவும் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள். முழு நீளத்துக்கும் சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருந்தால் உள்ளூர் வண்டிகள் அதிலேயே போய்விடும்.

* அகலமான ரோடு புது வண்டிகளை அழைத்துவரும்: ரோடு நன்றாக இருந்தால் ரயிலில் போனவர் பைக் எடுப்பார். "இப்போ ரோடு சூப்பர்" என்று சொல்லி இன்னும் நாலு மனைப்பிரிவு வரும். சில ஆண்டுகளில் பழைய நெரிசலே திரும்பிவிடும். உலகம் முழுக்கப் பல நகரங்கள் பார்த்த அனுபவம் இது.

நெரிசல் வெறும் எரிச்சல் மட்டும்தானா?

இல்லை. இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இருக்கிறது.

இந்த ஊர்களிலிருந்து பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் தெற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வடக்கே தாம்பரம், குரோம்பேட்டை பக்கம். எந்தத் திசையில் போனாலும் 108 ஆம்புலன்ஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் போக வேண்டும். பண்டிகைக்கு முந்தைய மாலையில் பரனூர் சுங்கச்சாவடி வரை வண்டிகள் நிற்கும்போது, மாரடைப்பு வந்தவருக்கோ பிரசவ வலி வந்தவருக்கோ அந்த வரிசை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று நேரம். ஒருவர் தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவழித்தால், மாதம் 25 வேலை நாளில் 50 மணி நேரம். ஏறக்குறைய ஒரு வார வேலைக்கும் அதிகமான நேரம் ரோட்டிலேயே போய்விடுகிறது. அது குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரம், தூங்கும் நேரம்.

வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இருக்கிறது. அடையாறு ஆறு தொடங்குவது இந்தப் பக்கத்து ஏரிகளிலிருந்துதான். ஆதனூர் ஏரி அவற்றில் முக்கியமானது.

இங்குள்ள ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். நந்திவரம் ஏரியின் உபரி நீர் ஊரப்பாக்கம் பக்கமாக ஓடி, ஜி.எஸ்.டி. ரோட்டையும் தண்டவாளத்தையும் கடந்து ஆதனூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து அடையாற்றில் சேர வேண்டும். காலம் காலமாக அதுதான் பாதை.

இப்போது அந்தப் பாதையில் பல இடங்களில் 'நகர்கள்' இருக்கின்றன. வாய்க்கால் சுருங்கியது. சில இடங்களில் தெருவே வாய்க்காலாகிவிட்டது. முன்பு மழைநீரைக் குடித்த வயலும் மண்ணும் கான்கிரீட் ஆனதால், பெய்யும் மழை ஒரே நேரத்தில் ஓடி வருகிறது. அதை விட ரோட்டுக்கடியிலும் தண்டவாளத்துக்கடியிலும் உள்ள பழைய மதகுகளுக்கு அகலம் போதவில்லை.

2015 டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மக்கள் மொட்டை மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வாய்க்கால் அகலப்படுத்துவது, மூடு கால்வாய் கட்டுவது, அடையாற்றைத் தூர்வாருவது எனப் பல பணிகள் நடந்தன. ஆனாலும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியின் தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு பைக்கை மேட்டுப் பகுதியில் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது.

நெரிசலும் வெள்ளமும் இரண்டு பிரச்சினை போலத் தெரியும். ஆனால் வேர் ஒன்றுதான். வண்டி போக வழி விடவில்லை, தண்ணீர் போகவும் வழி விடவில்லை.

குடிநீர், கழிவுநீர் நிலை என்ன?

வீடு கட்டும் வேகத்துக்குக் குழாய் போடும் வேகம் ஈடுகொடுக்கவில்லை. பல நகர்களில் போர்வெல்தான் ஆதாரம். கோடையில் அதுவும் கீழே போனால் தண்ணீர் லாரி. பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் செப்டிக் டேங்க், அதை எடுக்க இன்னொரு லாரி.

இந்த லாரிகளும் அதே குறுகிய தெருவில்தான் வந்து போகின்றன. குழாய் இருந்தால் வரவேண்டிய அவசியமே இல்லாத வண்டிகள் இவை. ஆக, குழாய் இல்லாததும் நெரிசலுக்கு ஒரு காரணம்தான்.

யார் பொறுப்பு? இங்கேதான் குழப்பம்

ஒரு தெருவாசி புகார் கொடுக்கப் போனால் எங்கே போக வேண்டும்?

* ஜி.எஸ்.டி. ரோடு: தேசிய நெடுஞ்சாலை ஆணையம்
* நெல்லிக்குப்பம் சாலை போன்ற கிளைச் சாலைகள்: மாநில நெடுஞ்சாலைத் துறை
* உள் தெருக்கள்: நகராட்சி அல்லது ஊராட்சி
* ரயில்வே கேட், சுரங்கப்பாதை: ரயில்வே
* ஏரி, வாய்க்கால்: நீர்வளத் துறை
* மனைப்பிரிவு அனுமதி: டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சி.எம்.டி.ஏ.
* சிக்னல், யு-டர்ன்: போக்குவரத்து போலீஸ்

ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் பார்க்கிறார்கள். ரோட்டில் தேங்கும் தண்ணீரை எடுத்துக்கொண்டால், ரோடு ஒருவருடையது, வடிகால் இன்னொருவருடையது, தண்ணீர் போய்ச்சேரும் ஏரி மூன்றாமவருடையது. "அது எங்க லிமிட் இல்ல" என்ற பதிலைக் கேட்காத குடியிருப்போர் சங்கமே இங்கே இருக்காது.

எல்லைப் பிரச்சினையும் உண்டு. சென்னைப் பெருநகரப் பகுதியின் பழைய எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். தெற்கே அது ஏறக்குறைய வண்டலூரோடு முடிந்தது. சென்னையின் முதல் மாஸ்டர் பிளான் 1976-லும் இரண்டாவது 2008-லும் வந்தபோது கூடுவாஞ்சேரி அதற்கு வெளியேதான் இருந்தது. நகரம் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டது, திட்டம் எல்லையிலேயே நின்றுவிட்டது.

2022 அக்டோபரில் இந்த எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசு ஆணை வெளியிட்டது. அதில் இந்தப் பகுதிகளும் வருகின்றன. ஆனால் எல்லை மாறினால் மட்டும் போதாது. எந்த வயல் வழியாக எதிர்காலச் சாலை வரும், எந்த இடம் நீர் போகும் வழி என்பதை இப்போதே வரைபடத்தில் குறித்து, அங்கே மனை போட அனுமதிக்காமல் இருந்தால்தான் பலன்.

தீர்வு என்ன?

ஒரே மருந்தில் தீராது. ஆனால் எதை முதலில் செய்யலாம் என்பது தெளிவாகவே இருக்கிறது.

1. ரயிலைப் பலப்படுத்துவது. ரோட்டில் ஒரு வண்டியைக் குறைக்க எளிய வழி அதில் வருபவரை ரயிலில் ஏற்றுவது. தாம்பரம் - செங்கல்பட்டு இடையே மூன்றாவது பாதை வந்துவிட்டது. நான்காவது பாதையும் வந்தால் எக்ஸ்பிரஸ் ரயிலுக்காக மின்சார ரயிலை நிறுத்திவைக்கும் நிலை குறையும்.

2. வீட்டிலிருந்து நிலையத்துக்குச் சிறிய பேருந்து. ரயில் இருந்தும் பலர் பைக் எடுப்பதற்குக் காரணம், வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு, மூன்று கிலோமீட்டர். உள் நகர்களுக்கு மினி பேருந்து ஒழுங்கான நேரத்தில் வந்தால் நிலையத்து வாசலில் பைக் குவியாது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. டிக்கெட் ஒன்றாகிவிட்டது, பேருந்தும் ரயிலும் ஒன்றுக்கொன்று காத்திருந்தால் வேலை முடிந்தது.

3. நகர்களை இணைக்கும் சாலை. காலியாக இருக்கும் இடங்களில், சுவர் மட்டும் தடையாக இருக்கும் இடங்களில், முதலில் இணைப்புகளைத் திறக்கலாம். வண்டி போகாவிட்டாலும் பரவாயில்லை, நடக்கவும் சைக்கிளில் போகவும் ஒரு வழி கிடைத்தாலே உள்ளூர் போக்குவரத்தில் ஒரு பகுதி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வராது.

4. நடப்பவருக்கு வழி. பேருந்து நிறுத்தம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நடைபாலமோ சுரங்க நடைபாதையோ வேண்டும். அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் யாரும் ஏற மாட்டார்கள், குறுக்கேதான் ஓடுவார்கள்.

5. தண்ணீர் வழியை முதலில். புது மேம்பாலமோ மெட்ரோத் தூணோ வரும்போதே அதற்கடியில் உள்ள மதகையும் அகலப்படுத்திவிட வேண்டும். பிறகு தோண்டினால் இரட்டைச் செலவு, இரட்டை நெரிசல்.

மக்கள் என்ன செய்ய முடியும்?

ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள். நகராட்சியில் இருப்பவர்களுக்கு வார்டு குழு, பகுதி சபை. அங்கே போடப்படும் தீர்மானம் எழுத்தில் பதிவாகும். வாட்ஸ்அப் குழுவில் போடும் நூறு மெசேஜை விட அது பலமானது. முதல்வர் உதவி மையம் 1100, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு என்ற வழிகளும் உண்டு.

இந்தப் பக்கம் புதிதாக மனை வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அனுமதி எண்ணை வாங்கி, அந்த அலுவலகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கவும்.
* 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனை, வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் என்றால் 'ரெரா' பதிவு கட்டாயம்.
* கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் பாருங்கள். பக்கத்தில் ஏரி, ஓடை, வாய்க்கால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.
* பெரிய மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டிய 10 சதவீத இடம் உண்மையிலேயே உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டதா என்று கேளுங்கள்.
* மழைக்காலத்தில் ஒருமுறை, வேலை நாளில் காலை 8 மணிக்கு ஒருமுறை என நேரில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சைட் பார்க்கப் போனால் எல்லா ரோடும் காலியாகத்தான் இருக்கும்.

இனி என்ன?

சென்னைப் பெருநகரத்துக்கான மூன்றாவது மாஸ்டர் பிளான் 2026 முதல் 2046 வரைக்கானது. அடுத்த இருபது ஆண்டுகளில் எந்த நிலம் வீடாகும், எது சாலையாகும், எது தண்ணீருக்கு என்பதை அதுதான் முடிவு செய்யும். பொதுமக்கள் கருத்துச் சொல்லவும் அதில் இடம் உண்டு.

கூடுவாஞ்சேரியில் நடந்தது இப்போது அதைத் தாண்டி சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு பக்கமும் நடக்கத் தொடங்கியிருக்கிறது. அங்கேயும் வயலுக்கு நடுவில் வண்ணக்கொடி பறக்கிறது, கல் நட்டிருக்கிறார்கள், போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டில் அதே வரி: "ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து 5 நிமிடம்."

அங்கே வீடு வருவதற்கு முன் ரோடும் வாய்க்காலும் வரைபடத்தில் வந்துவிட்டால், அந்த 5 நிமிடம் 5 நிமிடமாகவே இருக்க வாய்ப்பு இருக்கிறது.